கோடையில் திற்பரப்பு அருவி: நாள் பார்த்துப் போக வேண்டிய இடம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் சித்திரை, வைகாசி மாதங்களை வெயில் காலம் என்பதைவிடப் புழுக்கக் காலம் என்பதே பொருத்தம். வேலூரிலோ மதுரையிலோ பதிவாகும் வெப்ப அளவு நாகர்கோவிலில் பதிவாவதில்லை. ஆனால் கடற்காற்றில் ஈரம் ஏறி நிற்பதால் காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, மின்விசிறி வெந்த காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. வீட்டில் எத்தனை முறை குளித்தாலும் துவர்த்தை, அதாவது துண்டை, கொடியில் போடுவதற்குள் மறுபடி வேர்த்துவிடும் அந்த நாள்களில், இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு ஆறும் அருவியும்தான் கைகொடுக்கின்றன. குளங்களுக்கும் கால்வாய்களுக்கும் இங்கே பஞ்சமில்லை என்றாலும், முதியவர்கள், பெண்கள், சிறு பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அச்சமில்லாமல் நீண்ட நேரம் தண்ணீரில் நிற்கக்கூடிய இடம் எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் திற்பரப்பைத்தான் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில் என்று கேட்காமல் கிளம்புகிறவர்களுக்கு அந்தப் பரிந்துரையைச் செய்யமாட்டேன். அந்த அருவியின் நிறை, குறை இரண்டுமே நாளையும் நேரத்தையும் பொறுத்தவை.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாமே அதைச் சார்ந்துதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் பிறக்கும் கோதையாறு, மலையிலேயே மின் நிலையங்களுக்கு வேலை கொடுத்துவிட்டு, பேச்சிப்பாறை அணையை வந்தடைகிறது. திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த அணை அது. அணைக்குக் கீழே ரப்பர்த் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே இறங்கி வரும் ஆறு, திற்பரப்பில் ஒரு தடுப்பணையில் தேங்கி, அதற்கப்பால் ஏறக்குறைய கால் கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரே பாறையாகக் கிடக்கும் படுகையின்மீது பரந்து ஓடி, ஐம்பது அடி அளவுக்குக் கீழே விழுகிறது. விழுந்த ஆறு பின்னர் மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு சேர்ந்து, குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயரோடு தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. ஆகவே நாம் தலையில் ஏற்றுக்கொள்வது ஏதோ தனியான ஓர் ஊற்றின் நீரல்ல. மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கே உயிர் கொடுக்கும் ஆற்றின் நீர்.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே கிடைப்பதால், திற்பரப்பில் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. குமரியின் குற்றாலம் என்ற பட்டமும் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. குற்றாலத்தில் சாரல் நின்றுவிட்டால் பாறை மட்டும் மிஞ்சும் நாள்கள் உண்டு என்பதை நினைத்தால், திற்பரப்பு அதைவிடத் தாராளம்தான். ஆனால் தண்ணீர் விழுவது வேறு, குளிக்கும் அளவுக்கு விழுவது வேறு. பங்குனி பிற்பாதியிலிருந்து மலையில் மழை பெய்யாமல் போனால், படுகை முழுவதும் பரந்து விழ வேண்டிய ஆறு இரண்டு மூன்று தாரைகளாகச் சுருங்கிவிடும். அந்தத் தாரைகளுக்குக் கீழே நிற்க வரிசை நீண்டுவிடும். அதன் பிறகு வரும் கோடை மழைதான் அருவியை மறுபடி நிமிர்த்துகிறது. பிற்பகலில் மலைமேல் கருக்கல் கட்டி, இடியோடு இரண்டு மணி நேரம் கொட்டினால், மறுநாள் காலையில் போகிறவர்களுக்கு அருவி நன்றாகவே கிடைக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மழை அளவுக்கு மீறினாலோ, 48 அடி கொள்ளும் பேச்சிப்பாறை அணையின் மட்டம் உயர்ந்து உபரிநீர் திறக்கப்பட்டாலோ, கோதையாற்றில் வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். தடை பெரும்பாலும் மழைக்காலத்துச் செய்திதான் என்றாலும், கோடை மழை வலுத்த ஆண்டுகளில் மே மாதத்திலேயே வந்துவிடுவதும் உண்டு. உள்ளூர் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அணைகளின் நீர்மட்டமும் மலைப்பகுதிகளின் மழையளவும் நாள்தோறும் வெளிவருகின்றன. கிளம்புவதற்கு முன்பு அதை ஒரு பார்வை பார்ப்பது, வண்டிக்கு எண்ணெய் போடுவதைப்போல வழக்கமாகிவிட்டால், பாதி ஏமாற்றம் குறைந்துவிடும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு பகுதிகளில் முந்தின நாள் மிதமான மழை என்று போட்டிருந்தால் கிளம்பலாம். மழையே இல்லாமல் இரண்டு வாரம் ஓடியிருந்தால் வேறு திட்டம் போடலாம்.

இந்த மே மாதத்தில் ஒரு வேலை நாளின் காலையில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள், குடும்பத்தோடு போயிருந்தேன். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாகச் செல்லும் பாதையில் வந்தால், குலசேகரத்தைத் தாண்டியதும் காற்றின் தன்மையே மாறிவிடுவதை உணரலாம். சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் புதிய இலை விட்டு அடர்ந்து நிற்கின்றன. விடியலிலேயே பால் வெட்டி முடித்தவர்கள் வாளிகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாசி, பங்குனியில் ரப்பரின் கொழுந்திலைக் காம்பில் சுரக்கும் இனிப்புநீரைத்தான் இங்கே தேனீக்கள் பெருமளவில் சேர்க்கின்றன என்பதால், வழியோரக் கடைகளில் அந்தப் பருவத்துத் தேன் இன்னும் இருந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் எங்களுக்கு முன்பாக மிகச் சில வண்டிகளே நின்றன. வண்டிக்கும் ஆளுக்கும் சிறு தொகை கட்டணமாக வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கிறார்கள். கடைகளுக்கு நடுவே நடந்து படியிறங்கும்போதே அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. தண்ணீர் அன்று எப்படி என்பதை அந்த இரைச்சலை வைத்தே உள்ளூர்க்காரர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

அன்றைய தண்ணீர் நல்ல தண்ணீர். பாறையின் மேல் விளிம்பிலிருந்து அகலமாக இறங்கி, நடுவில் ஒரு புடைப்பில் மோதி உடைந்து, பால் நுரையும் தெளிவுமாக மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. திற்பரப்பின் தனிச்சிறப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்: உயரம் அளவானது, பாறை சரிந்து அமைந்தது, ஆகவே நீர் நேர்குத்தாக மண்டையில் இடிக்காமல் பாறையில் பட்டுத் தணிந்து தோளில் இறங்குகிறது. குற்றாலத்துப் பேரருவியில் நிறைந்த தண்ணீர் விழும்போது அதற்கடியில் நிற்பதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். இங்கே நடுத்தரமான தண்ணீர் விழும் நாளில் ஐந்து வயதுப் பிள்ளையையும் எண்பது வயது மூதாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். அப்படியோர் ஆச்சியை அன்று பார்த்தேன். கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடி, வெள்ளை முடி முழுதும் முகத்தில் வழிய, விலா எலும்புகள்மேல் ஈரச் சேலை ஒட்டிக்கிடக்க, அசையாமல் நின்றார். கரையிலிருந்து பேரன், “ஆச்சி, போதும், வாங்க, சளி பிடிக்கும்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். “நீ போ மக்கா, நான் இன்னும் கொஞ்சம் நிண்ணுட்டு வாறேன்” என்று கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. அதற்குப் பின் அவர் வெளியே வருவதற்குள் பேரன் உடை மாற்றி, பழம் தின்று, மறுபடி நனைந்தும்விட்டான்.

குளிர்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை நீர் என்றதும் பனிக்கட்டி போலிருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் சற்று ஏமாறலாம். அணையிலும் தடுப்பணையிலும் தேங்கி, வெயிலில் கிடக்கும் பாறைப் படுகையில் மெலிதாகப் பரந்து வரும் நீர் என்பதால், உச்சி வெயிலில் மேற்பரப்பு நீர் இதமான அளவுக்கே குளிரும். காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், பாறை இரவின் குளிர்ச்சியை இன்னும் வைத்திருக்கும்போதுதான் இந்த அருவியின் முழுக் குளிர்ச்சியும் கிடைக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முறை இங்கே பயன்படுகிறது: வெயிலில் நடந்து வந்த சூட்டோடு நேரே தலையைக் கொடுக்காமல், முதலில் கால், பிறகு இடுப்பு, தோள் என்று நனைத்துக்கொண்டு கடைசியில் தலைக்கு விட வேண்டும். சூடேறிய உடம்பில் திடீரென்று குளிர்ந்த நீர் கொட்டினால் மூச்சு ஒரு கணம் பிடித்துக்கொள்வதும் நெஞ்சு படபடப்பதும் இயல்பு. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு அது விளையாட்டல்ல.

நீந்த விரும்புகிறவர்களுக்கு இந்த இடம் ஏற்றதா என்று பலர் கேட்கிறார்கள். என் பதில், இல்லை என்பதுதான். திற்பரப்பு நின்று குளிக்கும் இடம், நீந்தும் இடம் அல்ல. அருவி விழும் அடிவாரத்தில் நீர் நுரைத்துக் கிடப்பதால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. பாறைப் படுகைகளில் ஓடும் நீர், காலகாலமாகக் கூழாங்கற்களைச் சுழற்றிச் சுழற்றிக் குடைந்த குழிகள் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழங்கால் அளவு என்று நினைத்து வைத்த கால் கழுத்தளவுக்கு இறங்கிவிடும். மேலே தடுப்பணையில் தேங்கி நிற்கும் நீர் அமைதியாகத் தெரிந்து ஆசை காட்டும். அங்கே படகில் போகலாம், நல்ல அனுபவம்தான், ஆனால் இறங்கக் கூடாது. பாறையில் கருத்த பச்சையாகப் படிந்திருக்கும் பாசியை இங்கே யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. ஈரமாக மின்னும் பாறை மட்டுமல்ல, பாதி காய்ந்து மங்கலாகத் தெரியும் பாறையும் வழுக்குகிறது. அதன்மேல் செருப்போடு நடப்பவர்கள்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். கம்பித் தடுப்புக்கு உள்ளே நின்று குளிக்கிறவரையில் இவை எதுவும் சிக்கலல்ல. தடுப்பைத் தாண்டிப் பாறை ஏறும் இளைஞர்களைக் காவலர்கள் விசில் அடித்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். இறங்கினவர்கள் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் வேறொரு பக்கமாக ஏறினார்கள்.

ஆற்றில் இறங்கி முங்கி எழ வேண்டும், பாறைகளுக்கு நடுவே தெளிந்த நீரில் கிடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழியாகக் காளிகேசத்துக்குப் போகலாம். அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டோடை. பெரிய உருண்டைப் பாறைகளுக்கிடையே இயற்கையாகத் தேங்கிய நீர்நிலைகள், அடி மணல் தெரியும் தெளிவு, காலைச் சுற்றி வந்து மொய்க்கும் சிறு மீன்கள், கரையில் காளி கோயில் என்று அதன் அழகு வேறு வகை. ஆனால் அங்கேயும் கயங்கள் என்னும் ஆழமான மடுக்கள் உண்டு. கோடைப் பிற்பகலில் மலைமேல் இடி கேட்டால் உடனே கரையேறிவிட வேண்டும் என்பதை விதியாகவே கொள்ள வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே பெய்த மழையின் நீர் ஓடை வழியாக வந்து சேர்ந்துவிடும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்குவது, சருகும் சிறு குச்சிகளும் மிதந்து வருவது, ஓடையின் ஓசை கனப்பது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு வந்துவிடுவதே அறிவு. யானை நடமாட்டம் உள்ள காடு என்பதால் மாலை தாமதிப்பதும் கூடாது. முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத் திற்பரப்பே மேல் என்பது என் கருத்து.

மீண்டும் திற்பரப்புக்கு வருவோம். சிறுவர்களுக்கென்று ஆழமில்லாத நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. அருவியின் இரைச்சலைக் கண்டு மிரளும் பிள்ளைகளை முதலில் அங்கே விட்டுப் பழக்கி, பிறகு அருவியின் ஓரத்துச் சிறு தாரைகளுக்குக் கூட்டி வருவது நல்ல வழி. எங்கள் வீட்டுச் சின்னவன் அருவியைப் பார்த்ததும் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதான். குளத்தில் அரை மணி நேரம் கிடந்தபின், அவனை அருவியிலிருந்து வெளியே இழுப்பதுதான் வேலையாகிவிட்டது. பெண்கள் தனியாகக் குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் ஏற்பாடு உண்டு. எனினும், கூட்ட நாள்களில் உடை மாற்றக் காத்திருக்க நேரும் என்பதால், சீக்கிரம் உலரும் பருத்தி உடையில் குளித்து, மேலே சுற்றிக்கொள்ள அகலமான துவர்த்து ஒன்றைக் கையோடு வைத்திருந்தால் சௌகரியம். நகைகளை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பாறை இடுக்கில் விழுந்த மோதிரம் தேங்காப்பட்டணம் வரை போனாலும் போகும்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை அருவியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் எண்ணெய் வழிந்த பாறையில் அடுத்து வருகிறவர் வழுக்குகிறார், நுரை கலந்த நீர் கீழே ஆற்றோடு போகிறது. அன்று ஒருவர் ஒரு கையில் பிடித்த ஷாம்பூப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, கிழித்த துண்டைக் கூச்சமே இல்லாமல் நீரிலேயே துப்பினார். அது என் காலில் ஒட்டிக்கொண்டு, நான் எடுப்பதற்குள் நழுவிப் போய்விட்டது. வெறும் நீரில் பத்து நிமிடம் நின்றாலே போதும். அந்த வேகத்தில் அழுக்கு நிற்பதற்கு வழியில்லை.

அருவிக்கும் தடுப்பணைக்கும் இடையே, ஆற்றின் இடக்கரையில், உறுதியான மதிலுக்குள் மகாதேவர் கோயில் இருக்கிறது. தட்சன் யாகத்தை அழித்த வீரபத்திர வடிவில் இறைவன் இங்கே இருப்பதாக ஐதீகம். மகா சிவராத்திரியையொட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தில், முஞ்சிறை திருமலை, திக்குறிச்சி ஆகியவற்றுக்கு அடுத்ததாக, பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவதாக ஓட்டக்காரர்கள் வந்து சேரும் கோயில் இது. காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, சிவன் கோயிலுக்குச் சிவன் கோயில் “கோவிந்தா, கோபாலா” என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடும் அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி மாதத்தில் வர வேண்டும். கோடையில் வருகிறவர்களுக்கு வேறொரு பயன் இருக்கிறது: குளித்து முடித்து உடை மாற்றிக்கொண்டு, நண்பகலில் நடை சாத்துவதற்கு முன்பாகக் கோயிலுக்குள் போனால், கல்தளத்தின் குளிர்ச்சியில் சற்று நேரம் உட்காரலாம். முதலில் கோயில், பிறகு குளியல் என்று திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் அவசரமாகவே முடிக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் திற்பரப்புக்கு நான் உயர்ந்த மதிப்பெண் கொடுக்கமாட்டேன். சிற்றுண்டி விஷயத்தில் தாராளமாகக் கொடுப்பேன். குளித்துவிட்டு ஏறி வரும்போது வரும் பசி சாதாரணப் பசி அல்ல. அந்தப் பசியை நன்கு அறிந்த கடைகள்தான் வழியெங்கும் இருக்கின்றன. ரப்பர் கன்றுகளுக்கிடையே ஊடுபயிராகப் போடும் அன்னாசி இந்தப் பகுதியில் ஏராளம் என்பதால், தோல் சீவி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தரும் அன்னாசித் துண்டு விலை குறைவாகவும் தரம் உயர்வாகவும் கிடைக்கிறது. அன்னாசி விற்ற அக்காவிடம் முதல் நாள் நிலவரம் என்ன என்று கேட்டேன். “நேத்து வந்திருந்தா ஏமாந்திருப்பிய. ராத்திரி மலையில பெய்த மழையாக்கும் இண்ணைக்கு விழுறது” என்றார். நாளிதழைவிட நம்பகமான வானிலை அறிக்கை என்று அதை நான் குறித்துக்கொண்டேன். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், பழம் பஜ்ஜி, பால் சேர்க்காத கட்டன் சாயா எல்லாம் சூடாகக் கிடைக்கின்றன. சித்திரை, வைகாசியில் வந்தால் சிறு பலா போன்ற அயினிச் சக்கையும் செங்கவருக்கை மாம்பழமும் வழியில் தென்படும். இரண்டையும் வெளியூர்க்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டும், ஏனென்றால் இவை இந்த மாவட்டத்தைத் தாண்டி அதிகம் போவதில்லை. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பும் வழியில் பிள்ளைகள் சத்தம் போடமாட்டார்கள்.

நண்பகல் உணவுக்கு நாங்கள் நுழைந்த உணவகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் கறியும் உண்டு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அதற்காகவே உள்ளே போனோம். கிழங்கு காலையில் வேகவைத்து ஆறிப் போனது, நாரும் எடுக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கை ஆறவிட்டுப் பரிமாறுவதை மன்னிக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவு. மீன் கறி நன்றாகவே இருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்: தேங்காய் அரைத்து, புளிக்குப் பதிலாக மாங்காய் போட்டு வைத்த கறி. ஆனால் பொரித்த மீனுக்கு, விலைப்பட்டியலில் இல்லாத ஒரு விலையைச் சீட்டில் எழுதியிருந்தார்கள். கேட்டதும் முகம் சுளிக்காமல் குறைத்துக்கொண்டதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மீன் தட்டில் விழுவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுவது, எல்லாச் சுற்றுலா இடங்களிலும் போல இங்கேயும் நல்லது. வீட்டிலிருந்து எலுமிச்சை சாதமும் துவையலும் கட்டிக்கொண்டு வருகிற குடும்பங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் மே மாத விடுமுறை நாள்களிலும் நிலைமை முற்றிலும் வேறு. பத்து மணிக்குமேல் வேன்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வந்து சேரும். கேரளத்திலிருந்து வருகிறவர்களும் ஏராளம். அருவிக்கு அடியில் நிற்பதற்கே தோளோடு தோள் இடிக்க வேண்டும், வண்டியை வெளியே எடுப்பதற்குக் குளித்த நேரத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். அப்படியொரு நாளில் முன்பு போனபோது, தண்ணீர் விழுந்ததைவிட அதிகமாகப் பிறருடைய முழங்கைதான் என்மேல் விழுந்தது. கூட்டத்தைவிட மோசமானது கண்ணாடிப் பாட்டில். ஆற்றின் மேல்பகுதியில், பார்வை படாத பாறைகளின் மறைவில் உட்கார்ந்து குடித்துவிட்டு உடைத்துப் போடும் துண்டுகள் எங்கே போய்ச் சேரும் என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே வேலை நாள், காலை, மழைக்கு மறுநாள் என்ற மூன்றும் பொருந்தினால் தயங்காமல் கிளம்பலாம். இரண்டு பொருந்தினாலும் போகலாம். மூன்றும் பொருந்தாத நாளில், அதாவது மழையில்லாத ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், வீட்டுக் கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொள்வதே மேல்.

ஒருவேளை போய்ச் சேர்ந்த பிறகு தடை என்று தெரிந்தால், நாள் முழுக்க வீண் என்று திரும்ப வேண்டியதில்லை. வெள்ளம் பாயும் திற்பரப்பைத் தொலைவில் நின்று பார்ப்பதே ஒரு காட்சி. பக்கத்திலுள்ள திருநந்திக்கரையில் குடைவரைக் கோயில் இருக்கிறது. பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பாசன நீரைக் கொண்டு செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலமும் எளிதில் போய்வரக்கூடிய தொலைவுதான். நண்பகல் வெயிலில் அதன்மேல் நடக்க வேண்டாம், நான்கு மணிக்குமேல் காற்று நன்றாக இருக்கும். திரும்பும் வழியில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளையும் பார்த்துவிடலாம். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலைப்பாடும், கண்ணாடிபோல் மினுங்கும் கருந்தரையும் கோடை வெயிலுக்கு நல்ல ஒதுங்கிடம். ஆனால் திங்கட்கிழமை அங்கே விடுமுறை.